ஸ்லோ யார்? மெஷினா, நாமா?



கண்டிப் பக்கம் எந்தப் பழைய மாணவர் சங்கக் கூட்டமானாலும், ஐசிடி படிப்பிக்கும் நாம் நீட்டும் கோரிக்கை ஒன்றுதான்: லேபுக்குப் புதுக் கொம்பியூட்டர் வேண்டும். அதே லேபின் மூலையில் பத்து மெஷின் துணி போட்டு மூடிக் கிடக்கும். கேட்டால், "அது ஸ்லோ சேர், வேலைக்காகாது."

2 ஜிபி ரேம் மெஷினில் விண்டோஸ் 10ஐ ஏற்றியது யார்? நாம்தான். 40 நிமிடப் பாடத்தில் பத்து நிமிடம் அது திறக்கவே போகிறது. அதற்கான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேமும் டிபிஎம் 2.0உம் கேட்கிறது. உடனே கடையில் கொடுத்துக் கள்ளப் பிரதி போட்டுக்கொண்டு வருகிறோம். மறுநாள் அதே லேபில் மென்பொருள் திருட்டு குற்றம் என்று பாடம் எடுக்கிறோம். பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

லினக்ஸில் திரையில் தெரியும் ஜன்னல், மெனு எல்லாவற்றையும் காட்டும் பகுதியை மட்டும் தனியாகத் தெரிவு செய்யலாம். மெஷினைப் பார்த்துத் தெரிவு செய்வோம். 4 ஜிபி என்றால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி என்றால் எல்எக்ஸ்க்யூடி உள்ள லுபுண்டு. அதிலும் பழைய 32 பிட் மெஷின் என்றால் அன்டிஎக்ஸ். எல்லாம் இலவசம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. டெஸ்க்டொப் இலேசானாலும் பிரவுசர் இலேசாகாது. 2 ஜிபியில் பத்து டேப் திறந்தால் மறுபடி திணறும்தான். ஆனால் ஓ/எல் பாடத்துக்குத் தேவை சொல் முறைவழிப்படுத்தல், விரிதாள், பாஸ்கல். லிப்ரே ஒபிஸும் ஃப்ரீ பாஸ்கலும் அதற்குத் தாராளம்.

"வேலைக்குப் போனால் விண்டோஸ்தானே?" சரி, நல்ல மெஷின் இரண்டில் விண்டோஸ் இருக்கட்டும். விரிதாளில் கூட்டல் போடத் தெரிந்த பிள்ளை எந்தத் திரையிலும் போடும். மூன்று பேர் ஒரு மெஷினைச் சுற்றி நின்று பார்த்த பிள்ளைக்கு எந்தத் திரையும் பழகாது.

இது எங்கோ நடக்கும் கதையுமில்லை. நம் ஹந்தானை மலையின் பெயரிலேயே, ஃபெடோராவை அடிப்படையாக வைத்து, 'ஹந்தானா லினக்ஸ்' என்ற இயங்குதளம் 2009 இல் நம் நாட்டிலேயே வெளிவந்தது. மலையைத் தினமும் பார்க்கிறோம். இந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேரளத்து அரசுப் பள்ளிகள் பல வருடங்களாக லினக்ஸில்தான் ஐடி படிப்பிக்கின்றன.

தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் வீண்விரயம் என்று பிள்ளையைக் கண்டிக்கிறோம். துணிக்குக் கீழே பத்துக் கொம்பியூட்டர் மிஞ்சிக் கிடப்பதற்கு என்ன பெயர்?

அடுத்த கோரிக்கைக் கடிதம் எழுதமுன் ஒரு துணியை நீக்குவோம். பென் டிரைவில் லுபுண்டுவைப் போட்டு, ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்ப்போம். அதற்குப் பிறகும் ஓடாத மெஷின்களை எண்ணி, அத்தனைக்கு மட்டும் கை நீட்டுவோம்.