அம்மா சொல்லாத செய்தி

நாகரசம்பட்டியில் நமக்குத் தெரிந்த ஓர் அன்னை, ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குச் சென்று விடுதியில் தங்கியிருக்கும் தம் மகளோடு ஞாயிறு மாலைதோறும் தொலைபேசியில் பேசுவார். மற்ற நாள்களில் மகள் உறங்குவது எப்போது, வேலையில் இருப்பது எப்போது என்று தாய்க்குத் தெரிவதில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று நாமும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மா பூத்திருப்பது, தம்பியின் தேர்வு, சின்னம்மா வீட்டுக் காதுகுத்து யாவும் சொன்னார். அடுத்த ஞாயிறு தாமே ஓசூர் வருவதாகவும் சொன்னார். நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆயின் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்குச் சீட்டு வாங்கியாக வேண்டும். (1905-இல் கிருஷ்ணகிரிக்கு வந்த சிறிய இரயில் பாதையை இரண்டாம் உலகப் போரின்போது மூடிவிட்டார்கள். அந்நகருக்கு இன்றும் இரயில் இல்லை.)

முடிவில் மகள் கேட்டாள்: "பால் கறந்தாச்சா, அம்மா?"

"ஆச்சு, பாப்பா."

அன்று காலைதான் போச்சம்பள்ளிச் சந்தையில் அந்தப் பசு விலைபோயிருந்தது. தகப்பனாரின் வைத்தியச் செலவு.

நமக்குப் பொறுக்கவில்லை. மகளின் சம்பளத்தை ஏற்கும் வீடு, கவலையை மட்டும் அவளிடம் மறைக்கலாமா என்று கேட்டுவிட்டோம்.

"தொலைபேசியில் சொன்னால் அவள் தனியாக உட்கார்ந்து அழுவாள், ஐயா. அதற்காகத்தானே நேரில் போகிறேன்" என்றார்.

நாம் கேட்டிருக்க வேண்டாம்.