ஏட்டில் விடுபட்ட 25 எழுத்து

துக்கம் விசாரிக்கச் சென்ற இடங்களில் நாம் கேட்டிருக்கிறோம்: "சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டு வந்து உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார்." உடனே மூலையிலிருந்து ஒரு பாட்டி, "அவன் தகப்பனாரும் இப்படித்தான் போனார்" என்பாள். அதை யாரும் காதில் வாங்குவதில்லை.

பாட்டியின் பேச்சில் சில சமயம் விஷயம் உண்டு என்பதற்கு 2009-ம் ஆண்டில் ஒரு சான்று வெளியாயிற்று. மதுரை காமராஜர் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த தண்டபாணியும், ஹைதராபாத் விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜும், வேறு பலரும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. இருதயத் தசைக்கு வேண்டிய புரதம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருந்தால், இருதயத் தசை நோய்க்கு இடமுண்டு என்று அவர்கள் கண்டார்கள். இந்தியர்களில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இக்குறை இருக்கிறதாம்!

ஓலைச் சுவடியைப் பிரதி எடுத்தவர் எப்போதோ ஒரு வரியை விட்டுவிட்டார். அதைப் பார்த்து எழுதியவர்களும் விட்டுக்கொண்டே வந்தார்கள். அந்த மாதிரிதான் இதுவும். இத்தனை தலைமுறையாக இப்பிழை ஏன் அழியவில்லை? தொல்லை பெரும்பாலும் நடு வயதுக்குப் பிறகே தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து, சொத்தோடு பிழையும் கைமாறிவிடுகிறது.

பிழை உள்ளவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். அதே மரபணுவில் இன்னொரு பிழையும் சேர்ந்திருந்தவர்களிடமே இருதயத்தின் இயக்கத்தில் மாறுதல் தென்பட்டதென்று 2018-ல் மற்றோர் ஆராய்ச்சி கூறிற்று. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செவ்வாய் தோஷம் போதாதென்று, இனி "25 எழுத்து தோஷம்" என்று பெண்ணைத் தள்ளிவைக்கவும் நம்மவர்கள் தயங்கமாட்டார்கள்! அதே மனிதர்கள் அத்தை மகளையும் மாமன் மகனையும் யோசனையின்றி முடித்துவைப்பார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இப்பிழையைப் பெறும் குழந்தைக்கல்லவா நோய் கடுமையாகிறது? உறவுக்குள் மணம் செய்தால் அப்படி நேர இடம் அதிகம்.

இளவயதில் திடீர் மரணம் நேர்ந்த குடும்பத்தில், உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 'எக்கோ' பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வலியில்லாத பரிசோதனை அது. புறப்படுமுன் மூலைப் பாட்டியிடம், யார் யார் எந்த வயதில் எப்படிப் போனார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் அதைக் கேட்பார்.