சிநேகிதர் தந்த பணம்: வரி யாருக்கு?

ஆபத்தில் உதவுகிறவரே சிநேகிதர். ஆனால் அவர் பெருந்தொகையை அன்பளிப்பாகக் கொடுத்தால், வாங்கியவரிடம் வருமான வரி இலாகா கணக்குக் கேட்கும். இது பலருக்குத் தெரிவதில்லை.

நேரு போட்ட வரி

கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் கால்டார் 1956-ல் தந்த யோசனையை ஏற்று, 1958-ல் இந்தியாவில் நன்கொடை வரி வந்தது. பிரதமர் நேருவே அந்த பட்ஜெட்டைச் சமர்ப்பித்தார். அன்று வரி கட்டியவர் பணம் கொடுத்தவர்.

1998 அக்டோபரில் அந்த வரி ரத்தாயிற்று. உடனே சிலர் கறுப்புப் பணத்தை, "நண்பர் கொடுத்தது" என்று கணக்கில் காட்டத் துணிந்தார்கள். அந்த வழியை அடைக்க 2004-ல் புது விதி வந்தது. அதுமுதல் பாரம் வாங்குகிறவர் தலையில்!

50 ஆயிரம் வரம்பு

உறவினர் அல்லாதவர்களிடம் ஒரு வருஷத்தில் வாங்கும் பணம், எல்லாம் சேர்த்து 50 ஆயிரம் ரூபாய் வரை வரி இல்லை. தாண்டினால் முழுத் தொகையும் வருமானமாகும். 60 ஆயிரம் வாங்கினால், 10 ஆயிரத்துக்கு மட்டும் அல்ல. 60 ஆயிரத்துக்கும் கணக்கு உண்டு. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் வரி கட்ட வேண்டியதில்லை.

யார் உறவினர்?

பெற்றோர், பிள்ளைகள், கணவன், மனைவி, உடன்பிறந்தார், தாய்மாமன், சித்தப்பா, அத்தை போன்றவர்கள் கொடுத்தால் வரி இல்லை. சித்தப்பா மகனை நாம் தம்பி என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை! தாய்மாமன் அக்கா மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அக்கா மகன் தாய்மாமனுக்குக் கொடுத்தால் உண்டு.

கல்யாணத்தில் மணமக்களுக்கு யார் கொடுத்தாலும் வரி இல்லை. பெற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. காதுகுத்து, புதுமனை புகுவிழா போன்ற விசேஷங்களுக்கும் இல்லை.

ரொக்கம் வேண்டாம்

ஒரே நாளில் ஒருவரிடம் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது 2017 ஏப்ரல் முதல் குற்றம். கொடுப்பவர் தகப்பனாரே ஆனாலும் சரி! ஒரே விசேஷத்துக்குப் பல நாளில் பிரித்து வாங்கினாலும் தப்ப முடியாது. வாங்கிய அளவுக்கே அபராதம் வரலாம்.

"கடன்தான்" என்று சொல்லலாமா? உண்மையான கடன் அன்பளிப்பு ஆகாது. ஆனால் 20 ஆயிரமோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது.

ஆகவே பெருந்தொகை எதையும் பாங்கு மூலம் வாங்குவதே நல்லது. அன்பளிப்பா, கடனா என்று அன்றே ஒரு கடிதத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பணமும் பத்திரம், சிநேகமும் பத்திரம்.