நின்றுகொண்டு பேசினால் போதுமா?

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் 'அஜைல்' என்ற சொல் இப்போது சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. தினமும் பதினைந்து நிமிடம் 'ஸ்டாண்ட் அப்' என்று ஒரு கூட்டம். இரண்டு வார வேலைக்கு 'ஸ்பிரின்ட்' என்று பெயர். அது முடிந்ததும் என்ன சரியாக நடந்தது, எது சறுக்கியது என்று பேச 'ரெட்ரோ'. என் மகள், இது இல்லாமல் வேலையே ஓடாது என்கிறாள். என் தங்கை மகனோ, இதைப்போல ஒரு தொல்லை உலகத்திலேயே கிடையாது என்கிறான். இரண்டு பேரும் சென்னையில்தான், ஏறக்குறைய ஒரே மாதிரி வேலைதான் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் பலிப்பது இன்னொருவருக்கு ஏன் பலிக்கவில்லை? தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருடம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில், 17 மென்பொருள்காரர்கள் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் சாரம் எளிமையானது. எல்லாவற்றையும் முன்கூட்டியே தடித்த ஆவணமாக எழுதிவைத்து, இரண்டு வருடம் கழித்து வாடிக்கையாளரிடம் போய் நீட்டாதே. கொஞ்சம் செய், காட்டு, அவர் சொல்வதைக் கேள், திருத்து. கோட்டு தைக்கும் டெய்லர் நடுவில் ஒருமுறை வரச்சொல்லிப் போட்டுப் பார்ப்பாரே, அதே சங்கதிதான்.

ஆனால் இதன் வேர் கம்ப்யூட்டரில் இல்லை, தொழிற்சாலையில் இருக்கிறது. 1986-ல் டக்கேயுச்சி, நோனாக்கா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹோண்டா, கேனன் போன்ற கம்பெனிகள் புதுப் பொருள்களை எப்படி உருவாக்குகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். குழுவாகச் சேர்ந்து வேலை செய்வதை அதில் ரக்பி ஆட்டத்துக்கு ஒப்பிட்டார்கள். 'ஸ்க்ரம்' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். பிள்ளைகள் பலகையில் ஒட்டுகிற சீட்டுகளும் டொயோட்டாவின் கான்பான் அட்டைகளின் வாரிசுகள்.

டொயோட்டாவில் இன்னொன்றும் உண்டு. லைன் நெடுக ஒரு கயிறு தொங்கும். பழுதைக் கண்ட தொழிலாளி அதை இழுப்பார். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். நான் இருந்த ஆலையிலும் அதைப் பார்த்து ஒரு கயிறு கட்டினார்கள். முதல் வாரம் ஒரு ஃபிட்டர் இழுத்தார். ஷிப்டு முடிந்ததும் அவரைக் கூப்பிட்டு, உன்னால் எத்தனை பீஸ் குறைந்தது தெரியுமா என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அந்தக் கயிற்றை யாரும் தொடவில்லை. ஒட்டடை அடிக்கும்போது மட்டும் ஆடும்.

ஜப்பான்காரன் முறை நமக்கு ஒத்துவராது என்று இதற்கு அர்த்தமில்லை. நம் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசே வாங்கியது. கயிற்றைக் கட்டுவது சுலபம். இழுத்தவனைத் திட்டாமல் இருப்பதுதான் கஷ்டம்.

என் தங்கை மகன் விஷயமும் இதுதான். அவன் வேலை செய்யும் ப்ராஜெக்டில் தேதி, தொகை, செய்ய வேண்டியவற்றின் பட்டியல் மூன்றும் ஒப்பந்தத்திலேயே எழுதியாகிவிட்டது. அப்புறம் எதைக் கேட்டு, எதைத் திருத்துவது? பழைய திட்டத்தையே இரண்டு இரண்டு வாரமாக நறுக்கி வைத்துக்கொண்டு அஜைல் என்கிறார்கள். அமெரிக்கக் கடிகாரத்துக்கு ஏற்ப ஸ்டாண்ட் அப் ராத்திரி ஒன்பதரைக்கு. குழுவில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசி அன்றைய வேலையைப் பிரித்துக்கொள்ளத்தான் அந்தக் கூட்டம். இங்கேயோ ஒவ்வொருவராக மேனேஜருக்கு ஆஜர் சொல்கிறார்கள்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேடா?" என்றேன்.

"சொன்னேன் மாமா. சரின்னு கேட்டுக்கிட்டாங்க. அப்ரைசல்ல ஈடுபாடு போதாதுன்னு எழுதிட்டாங்க."

முப்பத்தோரு வயதில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறான். என் வயதுக்காரர்களுக்கு அது புதிதல்ல. அவன் மாத்திரை டப்பா என்னுடையதைவிடப் பெரியது என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரிது என்று குழு தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் உத்தேச மதிப்புக்கு 'ஸ்டோரி பாயின்ட்' என்று பெயர். அதை வைத்து எந்தக் குழு அதிகம் உழைக்கிறது என்று மேலே பட்டியல் போடுகிறார்கள். போட்டால் என்ன ஆகும்? அடுத்த மாதம் எல்லோரும் மூன்றை ஐந்தாக எழுதுவார்கள். அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், இதைக் கண்டுபிடித்தது நானாக இருந்தால் அதற்காக வருந்துகிறேன் என்றே எழுதிவிட்டார்.

மகளின் குழுவில் ஆறே பேர். ஒரு ஆஸ்பத்திரிக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் செய்கிறார்கள். பதிவு செய்ய பிறந்த தேதியைக் கட்டாயமாகக் கேட்டிருந்தார்கள். வரவேற்பில் இருக்கும் பெண், "வயசானவங்க பாதிப் பேருக்குப் பிறந்த தேதி தெரியாதுங்க, போன் நம்பரை வச்சுத் தேடுற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றாளாம். அடுத்த ஸ்பிரின்டிலேயே மாற்றிவிட்டார்கள். யாரிடமும் போய்க் கையெழுத்து வாங்கவில்லை. அதற்காக வேறொரு வேலையைத் தள்ளி வைத்தார்கள், அதற்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. அங்கே பலிப்பதற்குக் காரணம் இதுதான் என்பேன்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. மெட்ரோ பாலத்தில் பாதித் தூணை எழுப்பிவிட்டு, எப்படி இருக்கிறது என்று பயணிகளைக் கேட்க முடியாது. அதற்கெல்லாம் தடித்த ஆவணம்தான் வேண்டும்.

ஆனால் மென்பொருள் கம்பெனிகள் இதைத்தான் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டால், ரெட்ரோ எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பார்க்கட்டும். தங்கை மகன் கம்பெனியில் மேனேஜர்தான் நடுவில் உட்கார்ந்து, எல்லாம் நன்றாக இருந்ததா என்று கேட்பாராம். நன்றாக இருந்தது என்பார்களாம், பத்தே நிமிடத்தில் முடிந்துவிடும். மகளின் மேனேஜர் அந்த ஒரு மணி நேரம் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறாராம்.