ஸ்பெயின் தேசத்து உணவுப் பரிசோதனை

முன்னோர் உண்ட உணவே இருதயத்திற்கு அரண் என்று மேடையில் முழங்குவது சுலபம். அதை அளந்து ருசுப்படுத்துவது எவ்வளவு சிரமம் என்பதை ஸ்பெயின் தேசத்து வைத்தியர்களின் அனுபவம் காட்டுகிறது. சுதேசி உணவின் பெருமை பேசும் நண்பர்கள் அதைச் சிரத்தையுடன் கவனிக்க வேண்டுகிறோம்.

'பிரெடிமெட்' என்ற அப்பரிசோதனையில், 2003 முதல் 7,447 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கு இருதய நோய் வந்திருக்கவில்லை. ஆனால், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய காரணங்களால் வரக்கூடிய நிலையில் இருந்தனர். ஒரு பிரிவினருக்கு, குடும்பத்திற்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இனாம். இரண்டாம் பிரிவினருக்குத் தினம் 30 கிராம் பாதாம், வால்நட் போன்ற பருப்புகள். மூன்றாம் பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்கும்படி புத்திமதி மட்டுமே. பழைய வழக்கத்தை எவ்வளவு அனுசரிக்கிறார்கள் என்று பதினான்கு கேள்விகளால் மதிப்பிட்டனர். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல், சிலருடைய இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தனர். இது மெச்சத்தக்க முறை.

2013-ல் முடிவு வெளியாயிற்று. மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தன என்றார்கள். உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் 2017-ல் இங்கிலாந்து மயக்க மருந்து நிபுணர் ஒருவர், பிரசுரமான பரிசோதனைகள் பலவற்றின் எண்களைக் கணக்கிட்டுப் பார்த்து, இதன்மீதும் சந்தேகம் எழுப்பினார். ஸ்பெயின் வைத்தியர்கள் தங்கள் ஏடுகளைத் தாங்களே புரட்டிப் பார்த்தனர். ஒவ்வொருவரையும் திருவுளச்சீட்டுப் போலத் தற்செயலாகப் பிரித்திருக்க வேண்டும். ஓரிடத்தில் வைத்தியசாலை வைத்தியசாலையாக ஒரே பிரிவில் சேர்த்துவிட்டிருந்தார்கள். வேறிடங்களில் ஒரே வீட்டாரை ஒன்றாகப் போட்டிருந்தார்கள். 2018-ல் கட்டுரையை வாபஸ் பெற்று, திருத்தி, அதே சஞ்சிகையில் மறுபடி வெளியிட்டனர். சந்தேகத்திற்குரிய 1,588 பேரை நீக்கிப் பார்த்தபோதும் எண்கள் பெரிதும் மாறவில்லை. இவ்வுணவே காரணம் என்று அடித்துப் பேசிய தொனி மட்டும் அடங்கிற்று. நமது தேசத்தில் எத்தனை பண்டிதர்கள் இப்படிச் செய்வார்கள்!

அந்த 'முப்பது பங்கு' என்பதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். சுமார் ஐந்து வருஷத்தில் மூன்றாம் பிரிவினரில் நூற்றுக்கு 4.4 பேருக்கு நோய் கண்டது. பருப்புப் பிரிவில் 3.4 பேருக்கு. அதாவது, நூறு பேரில் ஒருவர் தப்பினார். தெளிவாகக் குறைந்தது பக்கவாதமே. மாரடைப்பு மட்டும் தனியே குறைந்ததென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மேலும், மூன்று பிரிவினரும் ஆரம்பத்திலேயே பதினான்கில் எட்டுக்கு மேல் பெற்றவர்கள். ஆகையால், இது பழைய உணவுக்கும் அந்நிய உணவுக்கும் நடந்த போட்டியன்று. பழைய உணவு உண்போருக்குக் கூடுதலாக எண்ணெயும் பருப்பும் கொடுத்ததன் பலனே அளக்கப்பட்டது.

இப்பலனை நமது நல்லெண்ணெய்க்கும் கேழ்வரகுக்கும் வரவு வைப்பது நியாயமாகாது. அவற்றுக்கும் ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட பரிசோதனை நடத்தும்படி சர்வகலாசாலைகளையும் சர்க்கார்களையும் வற்புறுத்த வேண்டும். அதற்குக் கேள்விகளை வகுப்பவர்கள் கீரையையும் மோரையும் பற்றி விசாரிப்பதோடு நின்றுவிடாமல், தீட்டிய அரிசிச்சோறு எத்தனை கவளம், ஊறுகாயிலும் கருவாட்டிலும் உப்பு எவ்வளவு என்பதையும் கேட்டே தீரவேண்டும்.