விளக்கெண்ணெய் மணக்கும் பந்தயம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

கண்ணால் காண்பதையும் ஏட்டில் படிப்பதையுமே நாம் அறிவு என்கிறோம். காதுக்கும் மூக்கிற்கும் மதிப்பெண் போடுவார் யார்? ஆனால் இவ்விரண்டிற்கும் மூன்று நாள் விழா எடுக்கும் ஓர் ஊர் இங்கிலாந்தில் உண்டு. அதுதான் குட்வுட்.

இரண்டாம் உலகப் போரின் விமானத்தளம் ஒன்றைச் சுற்றிய பாதையில் 1948இல் அங்கே கார்ப் பந்தயம் தொடங்கிற்று, 1966இல் நின்றது. 1998 முதல் செப்டம்பர்தோறும் ‘ரிவைவல்’ என்ற பெயரில், அந்தப் பதினெட்டு ஆண்டுக் காலத்துக் கார்களே மீண்டும் போட்டியிடுகின்றன. காண வருவோரும் அக்கால உடையையே உடுத்தி வருகிறார்கள். அருங்காட்சியகத்தில் கயிற்றுக்கு அப்பால் மௌனமாய் நிற்க வேண்டிய வண்டிகள், அங்கே சேறும் புகையுமாய்ச் சீறிப் பாய்கின்றன!

பழைய பந்தயங்களுக்கென்றே ஒரு மணம் உண்டு. அது எரியும் விளக்கெண்ணெயின் மணம் என்றால் நம்புவீர்களா? எங்கள் நாமக்கல் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கடலைக்கு ஊடுபயிராக நிற்கும் அதே ஆமணக்குதான். காய்ந்த உலோகத்தையும் விடாமல் பற்றிக்கொள்வதாலும், பெட்ரோலில் எளிதில் கரையாததாலும் அதைப் பந்தய எஞ்சின்களுக்கு வார்த்தார்கள். ‘காஸ்ட்ரால்’ என்ற பெயரே ‘காஸ்டர்’ எண்ணெயிலிருந்து பிறந்ததுதான்.

இனி ஓசையைக் கேளுங்கள். 1950இல் குட்வுட்டில் வென்ற பி.ஆர்.எம். காரின் எஞ்சின் ஒன்றரை லிட்டர், சிலிண்டர்களோ பதினாறு! ஒவ்வொன்றும் சுமார் 93 சி.சி.; நம் ஊர் 100 சி.சி. பைக்கினுடையதைவிடச் சிறியது. நிமிடத்திற்கு 12,000 சுற்று ஓடினால், நொடிக்கு 1,600 வெடிப்பு. நாம் அலைவெண் என்று எழுதிப் படிப்பது அங்கே அலறலாகக் காதைத் துளைக்கிறது.

அந்த ஒலிப்பதிவை, லாரிப் பட்டறையில் முப்பதாண்டு உழைத்த என் தந்தையாருக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், “சிலிண்டர் நெறைய, பிஸ்டன் எல்லாம் பொடிசுடா” என்றார். நான் தாளில் போட்ட கணக்கை அவர் காதிலேயே போட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். ஆனால் முதல் அறிவாளி நானல்லன்!

இது செல்வர்களின் பொழுதுபோக்கு, காற்றைக் கெடுக்கும் வேலை என்று சிலர் கூறக்கூடும். செல்வர்களின் விளையாட்டு என்பது உண்மையே. புகையைப் பொறுத்தவரை, 2024இல் அங்கு எல்லாப் பந்தயங்களும் குறைந்தது 70 விழுக்காடு மாற்று எரிபொருள் கலந்தே நடந்தன. ஓட்டத்தை நிறுத்தாமலே குறையைக் களைய வழி தேடுகிறார்கள்.

நம் சோழவரமும் போர்க்கால விமானத்தளம்தான்; அங்கும் பந்தயக் கார்கள் முழங்கின. இன்று அந்த முழக்கம் இல்லை. பந்தயம் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்துவிட்டது. போனது போகட்டும். பழைய எஞ்சின் ஒன்று காயலான் கடைக்குப் போகும்போது, அதன் ஓசையை வைத்தே நோயறியும் செவியும் வேலையிழக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

ஆகவே, நம் துறையின் சார்பில் ஆண்டுக்கொரு நாள், பழைய பம்புசெட் எஞ்சினையாவது கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவோம். அன்றைக்குப் பட்டறைக்காரர்கள் ஆசிரியர்களாக நிற்கட்டும். நாம் கேட்டும் முகர்ந்தும் பாடம் படிப்போம்!