முகாம் பிள்ளைக்குச் சாதி உண்டு, சான்றிதழ் இல்லை

கல்லூரிச் சேர்க்கை தொடங்கினால் நம் தோழர்கள் தம்பி தங்கைகளிடம் முதலில் கேட்பது "சாதிச் சான்றிதழ் எடுத்துட்டியா?" என்பதுதான். அது இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் கட்டணம் கழியும். அந்தத் திட்டத்தின் நிபந்தனைகளில் இன்னொன்றை நாம் கவனிப்பதில்லை, நமக்கு அது இடிக்காததால். விண்ணப்பிப்பவர் இந்தியராக இருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், மண்டபம் என்று இலங்கைத் தமிழர் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். முகாம்களில் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். மலையகத்தார் யார்? சேலம், திருச்சி, புதுக்கோட்டைச் சேரிகளிலிருந்து கங்காணிகள் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன நம் சனம்தான். பறையர், பள்ளர், அருந்ததியர். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று தலையெண்ணிப் பங்கு போட்டார்கள். 1983க்குப் பிறகு கலவரத்துக்கும் போருக்கும் தப்பி, தாத்தா பாட்டி பிறந்த மண்ணுக்கே அகதியாக வந்தார்கள்.

இங்கே பிறந்தாலும் கதை மாறவில்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர் குடிமகனாக, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. குடியுரிமை இல்லை என்பதால் எஸ்.சி. சான்றிதழும் இல்லை. பெண் கேட்டுப் போனால் மட்டும் ஊர்க்காரர்களுக்குச் சாதி சரியாகத் தெரிந்துவிடுகிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த அறிவிப்பில் பொறியியல் கட்டணம் மதிப்பெண் வரிசையில் முதல் 50 பேருக்குத்தான். ஐம்பத்தோராவது பிள்ளையின் அப்பா பெயின்ட் அடிக்கும் கூலியில் எப்படிக் கட்டுவார்? நமக்கு எஸ்.சி. உதவித்தொகையில் இப்படி ரேங்க் வைத்தால் சும்மா இருப்போமா?

"குடிமக்களுக்கான சலுகையைப் பங்கு போடலாமா?" என்று நம் பக்கமே சிலர் கேட்கிறார்கள். நாங்கள் கேட்பது இடஒதுக்கீட்டில் பங்கு அல்ல. கிடைத்த இடத்துக்கான கட்டணத்தை மாநிலம் தன் நிதியிலிருந்து கட்டட்டும் என்கிறோம். அதற்கு டெல்லி அனுமதி தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அந்த 50 பேருக்குக் கட்ட முடிவெடுத்தபோது யாரும் குடியுரிமை கேட்கவில்லையே. எண்ணிக்கை வரம்பை எடுத்துவிட்டு, கலை அறிவியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் முழுக் கட்டணத்தைக் கொடுங்கள்.

சேர்க்கை உதவி மையம் நடத்தும் மாணவர் அமைப்புகள் இந்த ஆண்டு பக்கத்து முகாமுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். சான்றிதழோ கட்டணச் சலுகையோ மறுக்கப்பட்டால் வாய்ப்பேச்சோடு திரும்பாமல், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாளை நீதிமன்றத்துக்குப் போக அந்தத் தாள் வேண்டும்.